ஷிரகுரா உச்சியில் அரை மணி நேரம்

ஆகஸ்ட் 29, வியாழன்

மழை இன்றும் விடவில்லை. ஷோஜி காலையிலிருந்து ஜன்னலோரம் நின்று தக்காளிச் செடிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த மனிதர் தக்காளிக்குத்தான் புருஷன், எனக்கில்லை.

நான் உட்கார்ந்து ஷிரகுரா பயணத்தை எழுதி முடித்தேன். ஹொதகாவில் ரயில் 6:12. ஓமாச்சி 6:43. அங்கே பஸ் 7:20. மலைவாசல் 8:35. கழிப்பறைக்கும் படிவம் நிரப்பவும் பதினைந்து நிமிடம். ஏற்றம் 8:50. உச்சி 11:40. சாப்பாடு, புகைப்படம் எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். இறக்கம் 12:10. கீழே 2:10. பஸ் 2:40. அதுதான் கடைசி பஸ், அதை விட்டால் மலைவாசலில் கரடியோடு குடித்தனம்.

நாற்பத்தொன்றாவது மலை. பட்டியலில் கடைசி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், நாங்கள் வேலை பார்த்த, ஏழு பள்ளிக்கூடங்களுக்குச் சமைக்கும் உணவுக்கூடத்தில், கறிக் கொப்பரைக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டே நானும் கினுகோவும் போட்ட ஒப்பந்தம். எங்கள் ஊரிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போய் அன்றைக்கே திரும்பக்கூடிய மலை அத்தனையையும் ஏறிவிடுவது. இருவரும் சேர்ந்தே ஏறுவது. கார் கூடாது. அப்போது எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, அதனால் கொள்கை சுலபமாக இருந்தது.

ஷிரகுராவுக்கு ஏற்கனவே இரண்டு முறை கிளம்பினோம். ஒரு முறை புயல். ஒரு முறை மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது. இப்போது பஸ் நிலையத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்: இந்தப் பருவத்தோடு அந்தத் தடம் நிறுத்தம், கடைசி நாள் அக்டோபர் 14. அன்றைக்கே போகிறோம். இலையும் சிவந்திருக்கும். இந்த முறை தப்பினால் காரில் போகாதவர்களுக்கு ஷிரகுரா கிடையவே கிடையாது.

சாயங்காலம் கினுகோ போன் பண்ணினாள். போன சனி ஞாயிறு நீகாதாவில் அக்கா வீட்டில் இருந்தாளாம், அக்கா புருஷனுக்குத் திதி. "உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சுடி, பூசாரி மந்திரத்தை நிறுத்தவே மாட்டேங்கிறார்" என்றாள். பாவம், அவளுக்கு முழங்கால் வேறு.

ஆகஸ்ட் 31, சனி

புது பூட்ஸ் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழக்கினேன். ஷோஜி, "பாய் கிழியுது" என்றார். கிழியட்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஒகுமுரா வந்தாள். கையில் ஒரு காகிதத்தில் இரண்டு மஞ்சூ. அக்ரூட்டும் சிவப்புப் பயற்றுப் பூரணமும் வைத்து அவித்தது.

"பெட்டியில பன்னிரண்டு இருந்துச்சு ஹருயோசான், நாங்க ரெண்டு பேர் எவ்வளவு தின்ன முடியும்? தேதி நாளையோட முடியுது. ஒரு வாய் போட்டுக்குங்க."

உறையைப் பார்த்தேன். பழுப்புக் காகிதம், சிவப்பு முத்திரை. ஷிரகுரா மலைவாசல் கடை. இந்த மஞ்சூ வேறெங்கும் கிடைக்காது. கையேட்டில் படம் பார்த்து, 'இறங்கியதும் வாங்க வேண்டும்' என்று என் திட்டத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

"யார் போயிட்டு வந்தாங்க?" என்று கேட்டேன்.

"கினுகோசான்தான்! நடன வகுப்புக்காரங்க எல்லாரும் தெராஷிமாசானோட வெள்ளை வேன்ல போனாங்களே, போன சனிக்கு முந்தின சனி. ஒரு பொட்டு மேகம் இல்லையாம். ஏன், உங்களுக்குக் குடுக்கலையா?"

 தலையை மட்டும் ஆட்டினேன். அவள் போய்விட்டாள்.

போன சனிக்கு முந்தின சனி. ஆகஸ்ட் 24. நீகாதா. திதி. பூசாரி. மரத்துப்போன கால்.

எங்கள் ஊரில் ஒருத்தி திருட்டுத்தனமாகப் போய்வரலாம், ஆனால் வெறுங்கையோடு வர அவளுக்குத் தெரியாது. போன இடத்து இனிப்பைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாக வேண்டும். கினுகோ அதைச் சரியாகச் செய்திருக்கிறாள். என் ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டு.

நின்றுகொண்டே ஒன்றைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன். மற்றதை ஷோஜியிடம் நீட்டினேன். வேண்டாம் என்றார். இனிப்பென்றால் பறக்கிற மனிதர்! அதையும் நானே தின்றேன்.

செப்டம்பர் 4, புதன்

ஒகுமுரா தேதியை மாற்றிச் சொல்லியிருக்கலாம். வேறு கினுகோவாக இருக்கலாம். யாரோ வாங்கி வந்ததை இவள் கொடுத்திருக்கலாம்.

நான் என்ன பச்சைக் குழந்தையா?

செப்டம்பர் 6, வெள்ளி

கினுகோ வந்தாள். கையில் ஒரு பை வெள்ளரிக்காய். வாசலிலேயே, "உஸ், என்ன வெயில்" என்று விசிறிக்கொண்டாள். ஆறிய பார்லி டீயை ஊற்றிக் கொடுத்து என் திட்டத்தை மேஜையில் விரித்தேன். 

"மலைவாசல்ல குடிதண்ணி இருக்குமா, வீட்டுலேருந்தே தூக்கிட்டுப் போகணுமா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன போயிருக்கேனா?"

பச்சைப் பொய். கண் இமைக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்தவள், என் காதிலே பூ சுற்றுகிறாள். நானும் சுற்றிக்கொண்டேன்.

"கழிப்பறை?"

"இருக்கும்னு நினைக்கிறேன்."

"பாதை ரொம்பச் செங்குத்தோ?"

"கையேட்டுல என்ன போட்டிருக்கு?" என்று என் கையேட்டையே எடுத்துப் புரட்டினாள். அடேயப்பா! நாடகத்தில் சேர்ந்திருக்கலாம் இவள், நடன வகுப்புக்குப் போனதற்கு.

பிறகு என் திட்டத்தின் மேல் விரலை ஓட்டி வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். "மேல அரை மணிதானா?"

"பஸ்ஸு உனக்காக நிக்குமா?" என்றேன்.

சிரித்தாள். டீயைக் குடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு வெள்ளரிக்காயை நறுக்கினேன், வேகமாக, கனமாக. ஒன்றரைக் கிலோவும் ஊறுகாயாகிவிட்டது.

செப்டம்பர் 11, புதன்

அடக்கி அடக்கி வைத்தது இன்று மதியம் உடைந்துவிட்டது. ஷோஜியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீகாதா, திதி, வேன், மஞ்சூ. அவர் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். தோட்டத்தைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ போயிட்டு வந்தது. மறு திங்கட்கிழமையே இங்க வந்தா. நீ பல் டாக்டர்கிட்ட போயிருந்தே. உன்கிட்ட சொல்லணும்னுதான் பெட்டியோட வந்தா. நான்தான் சொன்னேன், இப்ப சொல்லாதே, அக்டோபர் கழியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு."

"நீங்களா?"

"நீ கத்துவே. அவளும் அழுவா. கடைசி மலையும் கெட்டுப்போகும். எதுக்குன்னுதான்…"

"அந்தத் திதி?"

அவர் காதைச் சொறிந்தார். திதிக்கும் இவர்தான் யோசனை சொல்லியிருக்கிறார்.

"பெட்டி எங்கே?"

"வண்டியில."

போய்ப் பார்த்தேன். தோட்டச் சாமான் ஏற்றும் அவருடைய குட்டி டிரக்கில், இருக்கைக்குப் பின்னால், உரப்பைக்கு அடியில். காலிப் பெட்டி. பன்னிரண்டு பழுப்புக் காகிதம், ஒவ்வொன்றும் நாலாக மடித்து வைத்தது.

"பன்னிரண்டையும் நீங்களே தின்னீங்களா?"

"கெட்டுப்போயிடுமேன்னு. ஒரு நாளைக்கு ஒண்ணு."

கத்தினேன். ஆமாம், கத்தினேன். கத்துவேன் என்று சொன்னார் இல்லையா, அவர் சொன்னது பொய்யாகக் கூடாது. கத்தி முடித்த பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தால் ஒரு விஷயம்தான் தொண்டையில் நிற்கிறது. அவள் போனது ஒரு துரோகம். சரி. ஆனால் இவர்கள் இருவரும் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னை எப்படிச் சமாளிப்பது என்று பேசியிருக்கிறார்களே! வீட்டில் ஒரு கடிநாய் இருந்தால் இப்படித்தான் பேசுவார்கள். எனக்குத் தெரியாமல் எனக்காக. அந்தப் பெட்டியில் எனக்கென்று வந்த இனிப்பைக்கூட என் கையில் கொடுக்க ஒருவருக்கும் தைரியமில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று அவருக்கு வெறும் சோறும் உப்பில் ஊறிய ஒரு ப்ளம் பழமும். எனக்குத் தெரிந்துவிட்டதென்று கினுகோவிடம் சொன்னால் நாளைக்கு ப்ளமும் கிடையாது என்றேன். கடைசிப் பருக்கை வரை தின்றார்.

செப்டம்பர் 18, புதன்

சமூகக் கூடத்துக்கு நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். சரி, இல்லை. புதன்கிழமை நடன வகுப்பு என்று தெரிந்துதான் போனேன்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பத்துப் பெண்கள், எல்லோருக்கும் அறுபது தாண்டியிருக்கும், காதுக்குப் பின்னால் காகிதப் பூ, ஹவாய்ப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டுகிறார்கள். முன்னால் அந்த வேன்காரி தெராஷிமா, மஞ்சள் பாவாடை. கினுகோ இரண்டாவது வரிசை. எல்லோரும் வலது பக்கம் கையை நீட்டினால் இவள் இடது பக்கம் நீட்டுகிறாள். தப்பாக ஆடி, அதற்கே வாயைத் திறந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள்.

அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. நினைத்துப் பார்த்தால் மலையில் அவள் முகம் எங்கே தெரியும் எனக்கு? அவள் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் வருவாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

போகலாமா, வேண்டாமா? நாலு நாளாக இதுதான்.

வேண்டாம் என்றால் மலையும் போச்சு, அவளும் போச்சு. அவள் ஏற்கனவே போய்விட்டாள்தான். ஆனால் மலை என்ன பாவம் செய்தது? இருபத்தாறு வருஷம் சேர்த்தது. நாற்பதோடு நிறுத்தினால் நெஞ்சு ஆறுமா?

போகிறேன். உச்சியில் வைத்துக் கேட்கப்போகிறேன். அவள் மூச்சு வாங்கி, 'ஆஹா' என்று சொல்வாள் இல்லையா, அப்போது மெதுவாக, "இரண்டாவது தடவை பார்க்கிறப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும். இன்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நாலு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை நன்றாக வந்தது.

பதினான்காம் தேதி வெயில் என்று வானிலை சொல்கிறது.

அக்டோபர் 14, திங்கள், விடுமுறை

வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். கால் வலியில்லை. வேறெல்லாம் வலிக்கிறது.

6:12 ரயிலில் அவள் எனக்குப் பிடித்த பொரித்த கோழி, ப்ளம் வைத்த சோற்றுருண்டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "இன்னிக்கு நான்தான் சமையல், நீ ஒண்ணும் பேசக் கூடாது" என்றாள்.  ஓமாச்சியில் இறங்கினால் பஸ் நிறுத்தத்தில் எண்பது பேர். பாதிப் பேர் மலைக்கு வந்தவர்களே இல்லை, கடைசி நாள் பஸ்ஸைப் படம் பிடிக்க வந்த பஸ் பைத்தியங்கள். கம்பெனி இன்னொரு வண்டியையும் விட்டது. இரண்டாவது வண்டியில் உட்கார்ந்தோம், அவள் ஜன்னலோரம்.

பள்ளத்தாக்கு திரும்பும் இடத்தில் ஷிரகுரா முழுசாகத் தெரிந்தது. கீழே மஞ்சள், நடுவே சிவப்பு, உச்சியில் வெறும் வெள்ளைப் பாறை. வண்டியே 'ஓ' என்றது. கினுகோ என் கையைப் பிடித்து, "ஐயோ, ஹருயோ, அங்க பாரேன்! இப்படி இருக்கும்னு நினைக்கவே இல்ல" என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன், பையைச் சரிசெய்வதுபோல.

மலைவாசலில் தகரப் பெட்டி. யார், எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று படிவத்தில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் ஏறுவோம். காணாமல் போனால் தேடி வருகிறவர்களுக்கு அது ஒன்றுதான் துப்பு. நாற்பது மலையிலும் நாற்பது முறை எழுதியிருக்கிறோம். இங்கே அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: இந்த மலையில் முன் அனுபவம். உண்டு, இல்லை. உண்டென்றால் எத்தனை முறை.

நான் 'இல்லை'யைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் அவள் பேனா அசையாமல் நின்றது.

"என்ன யோசனை? வட்டத்தைப் போடு, மணியாகுது."

அவள் 'உண்டு' என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். பக்கத்தில் '1' என்று எழுதினாள்.

உச்சி வரை பொறுத்திருக்க வேண்டும் என்றுதானே ஒத்திகை பார்த்தேன்? எல்லாம் பறந்துவிட்டது.

"ஓ! தகரப் பெட்டிகிட்ட பொய் சொல்ல வராதா உனக்கு? என்கிட்ட மட்டும்தான் வருமா?"

அவள் முகம் வெளுத்தது. "உனக்குத் தெரியுமா?"

"ஊரே தின்னு ஏப்பம் விட்ட பிறகு தெரியும்."

"எப்போலேருந்து?"

"செப்டம்பர் மூணு."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "அப்ப நான் வெள்ளரிக்கா கொண்டுவந்தப்போ… தண்ணி இருக்குமா, பாதை எப்படின்னு… எல்லாம் தெரிஞ்சுகிட்டேதான் கேட்டியா?"

"நீ நடிச்சே. நான் பாத்தேன். டிக்கெட் இல்லாத நாடகம், விடுவேனா?"

பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஆள் இருமினார். தள்ளி நின்றோம்.

"ஏன்டி?" என்றேன்.  "நாப்பது மலை உன்கூட ஏறினேன். ஒண்ணே ஒண்ணு. இந்த ஒண்ணை மட்டும் எனக்காக விட்டுவெச்சிருக்கக் கூடாதா? வேற மலையே இல்லையா இந்த நாட்டுல?"

"எந்த மலைன்னு அன்னிக்குக் காலைல வேன்ல ஏறின பிறகுதான் சொன்னாங்க. இறங்கியிருக்கலாம். இறங்கல. அது என் தப்புதான்." அவள் பேனாவை மூடித் திறந்து மூடினாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். மேல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஹருயோ. காபி போட்டாங்க. பாறை மேல படுத்துத் தூங்கிட்டேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு உச்சியிலயும் நான் தூங்கினதில்ல."

"தூங்கறதுக்கா மலைக்குப் போறது?"

"பின்ன எதுக்கு? 'பன்னிரண்டு பத்து, எழுந்திரு'ன்னு நீ சொல்றதுக்கா? உன்னோட வந்தா மலைக்கு வந்த மாதிரியே இல்லடி. பஸ்ஸைப் பிடிக்க வந்த மாதிரிதான் இருக்கு. நாப்பது தடவை நாம பஸ்ஸைத்தான் பிடிச்சிருக்கோம்."

நான் படிவத்தைப் பெட்டிக்குள் திணித்துவிட்டு ஏறத் தொடங்கினேன். 8:58. எட்டு நிமிடம் தாமதம். அவள் பின்னால் வரவில்லை. முதல் வளைவில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். கடை முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறினேன். கோபத்துக்கு இவ்வளவு நல்ல கால் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது, 11:31க்கே உச்சியில் இருந்தேன். வடக்கே பெரிய மலைகளில் புதுப் பனி விழுந்திருந்தது. கீழே ஊசியிலைக் காடு மஞ்சளாகக் கிடந்தது. எல்லாம் கையேட்டில் போட்டிருந்தபடியே. ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் ஒரு தம்பதி, மலையைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்து ஒரு மிட்டாய் கொடுத்தார்கள்.

பன்னிரண்டு பத்தைத் தாண்டி உட்காரப்போகிறேன், எவள் என்ன சொல்வது, நானும் உட்காருவேன், என்று சபதம் எடுத்தேன். 12:08க்குப் பார்த்தால் பையை மாட்டி நின்றுகொண்டிருக்கிறேன். அதுதான் இன்று எனக்கு அதிகம் வலித்தது.

கீழே அவள் இல்லை. 12:10 பஸ்ஸிலேயே போய்விட்டாள் என்று கடைக்காரி சொன்னாள். 2:40 பஸ் கிளம்பியபோது பைத்தியங்கள் எல்லாம் கைதட்டினார்கள். டிரைவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். என் பக்கத்து இருக்கையில் என் பை உட்கார்ந்து வந்தது.

நாற்பத்தொன்று முடிந்தது. யாருக்கு? சேர்ந்து ஏறியது நாற்பதுதான். இனி அது நாற்பதாகவே இருக்கும்.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டது: கடையில் ஒரு பெட்டி மஞ்சூ வாங்கினேன். இன்று காலை அதைக் கினுகோ வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மேலே ஒரு சீட்டு. 'ஷிரகுரா போய்வந்தேன். ஹருயோ.' அழைப்பு மணியை அழுத்தவில்லை.

எனக்குக் கொடுக்க உனக்குத் தைரியம் வரவில்லை, எனக்கு வருகிறது பார். அவளுக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

அக்டோபர் 19, சனி

வாசல் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. எட்டு சீமைப் பனிச்சைப்பழம். சீட்டு இல்லை. அவள் வீட்டு மரத்துப் பழம், எனக்குத் தெரியாதா?

வாங்கியதற்குத் திருப்பிக் கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது. இப்போது நான் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதென்ன தலைவலி!

நவம்பர் 3, ஞாயிறு

ஆறு ஆப்பிள் கொண்டுபோய் அவள் கைப்பிடியில் மாட்டினேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

நவம்பர் 21, வியாழன்

கீரை ஊறுகாய் வந்தது. உப்பு அதிகம். அவள் கைக்கு எப்போதும் உப்பு அதிகம்தான், உணவுக்கூடத்தில் நான்தான் கடைசியில் சரிசெய்வேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

நான் உலர்ந்த காளான். அவள் பக்வீட் மாவு. நான் மறுபடி ஆப்பிள்.

பேச்சில்லை. பை மட்டும் போய் வருகிறது. ஷோஜி இன்று அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசித் தொலைங்களேன், வீட்டுல வைக்க இடமில்ல" என்றார். "நீங்க வண்டியில வெச்சுத் தின்னுங்க, பழக்கம்தானே" என்றேன். வாயை மூடிக்கொண்டு போனார்.

ஜனவரி 1, புதன்

புத்தாண்டு அட்டைகள் வந்தன. கினுகோவுடையது அச்சடித்த வாசகம் மட்டும்: இந்த ஆண்டும் தங்கள் அன்பை வேண்டுகிறோம். கையால் ஒரு எழுத்து இல்லை. பல் டாக்டரும் இதையேதான் அனுப்பியிருக்கிறார்.

போன வருஷம் அவள் அட்டையில் இடமில்லாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தாள். நானும் இந்த முறை அச்சடித்ததைத்தான் அனுப்பினேன். நான் அனுப்பலாம், நான் ஏமாந்தவள். அவளுக்கென்ன?

பிப்ரவரி 16, ஞாயிறு

பனி. கால் மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு இருவரும் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். ஷோஜியிடம் கேட்டேன்.

"என்னோட எங்கேயாவது போனா எப்படி இருக்கும்?"

அவர் ஒரு சுளையின் நாரை முழுசாக உரித்து முடித்தார். "சரியான நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்துடுவோம்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நாற்பது வருஷம் ஆகிறது கல்யாணமாகி. முதல் வருஷம் ஒரே ஒரு முறை என்னோடு மலைக்கு வந்தார், பிறகு வரவே இல்லை. முழங்கால் என்றார். தோட்டத்தில் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்காருகிற முழங்கால்!

ஏப்ரல் 24, வியாழன்

மணி அடித்தது. திறந்தால் கினுகோ. ஆறு மாதத்தில் முடி நரைத்துவிட்டிருக்கிறது, அல்லது சாயம் போடுவதை விட்டுவிட்டாள். கையில் குழந்தை கனத்துக்கு ஒரு மூங்கில் குருத்து, மண்ணோடு.

"இது கைப்பிடில தொங்காது" என்றாள். "கனம்."

"ம்."

"மன்னிப்புக் கேக்கலாம்னு வரல. அன்னிக்கே தப்புன்னு சொல்லிட்டேன்."

"நான் மன்னிக்கவும் போறதில்ல."

"சரி."

அவள் குருத்தை இறக்கிவைக்கவும் இல்லை, நான் வாங்கவும் இல்லை. உள்ளேயிருந்து ஷோஜி எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் பின்வாசல் வழியாகத் தக்காளிக்குப் போய்விட்டார். கோழை.

"இவ்வளவு பெருசுக்கு நான் என்னத்தைத் திருப்பிக் குடுக்கிறது?" என்றேன். "ஆப்பிள் தீர்ந்துபோச்சு."

"என்கூட ஒரு நாள் வா. ஹினாதா குன்றுக்கு."

"அது நம்ம பட்டியல்லயே இல்ல. அது மலையா? மேடு."

"அதான்."

"வேனா?"

"பஸ்தான்" என்றாள். குருத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "வேன்ல நீ வரமாட்டே. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

குருத்தை வாங்கிக்கொண்டேன். உண்மையிலேயே கனம்.

மே 14, புதன்

ஹினாதா போய்வந்தோம். ஏற ஐம்பது நிமிடம். வழியில் பேசியது பத்து வார்த்தை இருக்கும். ஒரு இடத்தில் அவளை முன்னால் விட்டேன். அவள் நடை மெதுவானது, நான் நினைத்ததைவிட மெதுவானது. இத்தனை வருஷம் எப்படி என்னோடு ஓடிவந்தாள்?

மேலே புல்லும் காட்டு அசேலியாப் பூவும். யாருமில்லை. அவள் பூட்ஸையும் காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு, மல்லாந்து படுத்துத் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டாள். கால் விரல்கள் வளைந்து கிடந்தன. இந்தக் காட்சியைத் தெராஷிமாவும் நடனக்காரிகளும் போன ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டார்கள். எனக்கு இப்போதுதான். அது இன்னும் எரிகிறது. எரியாது என்று எழுதினால் பொய்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். சோற்றுருண்டை தின்றேன். எறும்பு ஒன்று அவள் கணுக்கால் மேல் ஏறிப் போனது. மணி ஒன்றரை ஆகியிருந்தது.

தொப்பிக்கு அடியிலிருந்து கேட்டாள், "பஸ் எத்தனை மணிக்கு?"

2:18. இறங்க முப்பத்தைந்து நிமிடம். இப்போதே எழுந்தால் சரியாக இருக்கும். அடுத்தது 4:50.

"தெரியலடி, பாக்கவே இல்ல" என்றேன்.

"ஓ" என்றாள். தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

ஒரு கஷ்டமும் இல்லை. யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்றைக்கு, தண்ணீர் இருக்குமா என்று நான் கேட்டபோது, அவளுக்கும் இப்படித்தான் வந்திருக்கும்.